வாக்கியக் கணக்கில் நெல்லும் பதரும்

கணக்கு என்றாலே கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்று எண்ணிவிடுகிறோம். இந்நான்கையும் பிழையின்றிச் செய்யத் தெரிந்த மாணவன், "ஒரு வியாபாரி..." என்று தொடங்கும் வாக்கியக் கணக்கைக் கண்டதும் மலைத்து நிற்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். எண்களை மட்டும் எழுதிக் கொடுத்தால் மளமளவென்று போடுகிறான். அவ்வெண்களையே நான்கு வாக்கியங்களுக்குள் வைத்துக் கொடுத்தால் பென்சிலைக் கடிக்கிறான். இத்தடுமாற்றத்தின் வேர், கணக்கைப் படிக்கும் முறையில் இருக்கிறது என்பது என் துணிபு. கொடுத்த செய்திகளில் கேட்ட கேள்விக்கு வேண்டுவது எது, வேண்டாதது எது, கொடுக்காமலேயே நாம் கொண்டுவந்து சேர்க்க வேண்டியது எது என்று பிரித்தறியும் பழக்கத்தை நமக்கு யாரும் தனியாகக் கற்பிப்பதில்லை. கணக்கைப் போடுவதற்கு முன் செய்யவேண்டிய அந்த வேலையைப் பற்றியே இக்கட்டுரை.

நான் கணிதம் பயில்பவன் அல்லன். தெற்கு வளாகத்தில் மின்னணுவியலில் முதுநிலை பயில்பவன். ஊர் தஞ்சைப் பக்கம். தங்கியிருப்பது மோதி பாகில், மத்திய அரசு ஊழியராகிய என் மாமாவின் குடியிருப்பில். மாலை வேளைகளில் அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஐந்தாறு பேருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். அவர்கள் வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளர்பவர்கள். மோதி பாகிலேயே தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று உண்டு; அதில் பயில்பவர்க்குத் தமிழை எழுதவும் படிக்கவும் வாய்க்கிறது. ஏனையோர்க்குத் தமிழ் செவிவழி மட்டுமே.

சென்ற ஆண்டு இப்பிள்ளைகளுள் ஒருவனுடைய தந்தையார் என்னிடம் வந்தார். பையன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. "தம்பி, இவனுக்குக் கணக்கு வராது போலிருக்கிறது. பத்தாம் வகுப்பில் 'பேசிக்' கணக்கே எழுதட்டும் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். 2020ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பத்தாம் வகுப்புக் கணிதத்திற்கு 'பேசிக்', 'ஸ்டாண்டர்டு' என்று இருவகை வினாத்தாள் வைத்திருக்கிறது. பாடத்திட்டம் ஒன்றே, வினாக்களின் கடுமை வேறு. மேல்வகுப்பில் கணிதம் படிக்க விரும்பாதவர்க்கென்று ஏற்பட்டது முதல் வகை. பதினான்கு வயதில் அந்தக் கட்டத்தில் ஒரு குறி இட்டுவிட்டால், பின்னால் பொறியியலோ இயற்பியலோ பயிலலாம் என்ற எண்ணமும் அதோடு சுருங்கிவிடுவதுண்டு. அவ்வளவு பெரிய முடிவு என்பதால், பையனுடைய கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கி இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தேன்.

நோட்டு எனக்கு வியப்பைத் தந்தது. பெருக்கலில் பிழை இல்லை. பின்னங்களில் பிழை இல்லை. சமன்பாடாகக் கொடுத்தால் தீர்த்துவிடுகிறான். வாக்கியக் கணக்குகளில் மட்டும் பத்துக்கு ஏழு தவறு. அந்தத் தவறுகளுக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருந்தது. கணக்கில் எத்தனை எண்கள் உண்டோ அத்தனையையும் எங்காவது பயன்படுத்தியிருந்தான். பந்தியில் இலையில் விழுந்ததை எல்லாம் மிச்சமின்றி உண்டு எழவேண்டும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை கணக்கிலும் அப்படியே நடந்துகொண்டானோ என்னவோ!

சோதனைக்காக நானே ஒரு கணக்கு எழுதினேன். "புது தில்லியிலிருந்து 22 பெட்டிகளுடன் இரவு 9 மணிக்குப் புறப்பட்ட ரயில் 2178 கிலோமீட்டர் சென்று 33 மணி நேரத்தில் சென்னையை அடைந்தது. வழியில் நிலையங்களில் அது நின்ற நேரம் மொத்தம் 3 மணி. பெட்டி ஒன்றுக்கு 72 பேர் வீதம் பயணம் செய்தனர் எனில், புறப்பட்டது முதல் சேர்ந்தது வரை ரயிலின் சராசரி வேகம் என்ன?" வேண்டுவன இரண்டே எண்கள். 2178ஐ 33ஆல் வகுத்தால் மணிக்கு 66 கிலோமீட்டர். பையன் முதலில் 33இலிருந்து 3ஐக் கழித்தான். பிறகு 22ஐ 72ஆல் பெருக்கி 1584 என்று எழுதினான். அந்த 1584 பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தான்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. 3ஐக் கழித்தது முழு மடமை அன்று. "ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் மட்டும் சராசரி வேகம் என்ன?" என்று கேட்டிருந்தால் கழிக்கத்தான் வேண்டும், விடை 72.6 ஆகும். "எத்தனை பேர் பயணம் செய்தனர்?" என்று கேட்டிருந்தால் 22உம் 72உம் போதும், தூரமும் நேரமும் பதராகிவிடும். ஆகவே தலைப்பில் நான் இட்ட உவமை முழுதும் பொருந்தாது. களத்துமேட்டில் பதர் என்றைக்கும் பதர்தான்; கணக்கிலோ கேள்வி மாறினால் பதரும் நெல்லாகும். ஒரு செய்தி வேண்டுமா வேண்டாமா என்பதை அச்செய்தியைப் பார்த்துச் சொல்ல முடியாது. கேள்வியைப் பார்த்தே சொல்ல முடியும்.

அகப்பட்ட எண்களை எல்லாம் பயன்படுத்திவிடும் பழக்கம் மோதி பாகிற்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு நாவலாசிரியர் ஃபுளோபேர் 19ஆம் நூற்றாண்டில் தம் தங்கைக்கு எழுதிய கடிதமொன்றில், கப்பல் ஒன்றைப் பற்றிய செய்திகளை அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் கப்பல் தலைவரின் வயது என்ன என்று வேடிக்கையாகக் கேட்டிருக்கிறார். அவ்வேடிக்கையை ஏறத்தாழ 1980ஆம் ஆண்டில் கிரெனோபிள் நகரத்துக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டு சென்றனர். கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. தலைவரின் வயது என்ன? 97 பிள்ளைகளுள் 76 பேர் அவ்வெண்களைக் கொண்டே ஒரு வயதைச் சொல்லிவிட்டனர். கூட்டினால் 36. கப்பல் தலைவருக்குப் பொருத்தமான வயதாகவே அது அமைந்துவிட்டதுதான் வேடிக்கையிலும் வேடிக்கை.

2018இல் சீனாவின் சிச்சுவான் மாநிலத்துப் பள்ளித் தேர்வு ஒன்றில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதே கேள்வியைக் கொடுத்தார்கள். நாடெங்கும் பெருவிவாதம் எழுந்தது. பிள்ளைகள் துணிந்து சிந்திக்கிறார்களா என்று பார்க்கவே கொடுத்தோம் என்றார்கள் கல்வித் துறையினர். ஒருவர் ஆடுகளின் எடையைக் கணக்கிட்டு, அத்தனை எடையுள்ள சரக்குக் கப்பலைச் செலுத்த எத்தனை ஆண்டு உரிமம் வேண்டும் என்ற சட்டத்தைத் தேடி எடுத்து, தலைவருக்குக் குறைந்தது 28 வயது இருக்கவேண்டும் என்று வாதிட்டார். எனக்கு இந்த மனிதரை மிகவும் பிடித்திருக்கிறது. விடை ஏற்கத்தக்கதோ அன்றோ, கணக்கில் இல்லாத எந்தச் செய்தி தமக்கு வேண்டும் என்று அவர் தேடிப் போனாரே!

மற்றப் பிள்ளைகள் ஏன் தேடவில்லை? அவர்கள் அறிவிலிகள் அல்லர். கை புரூசோ என்ற பிரெஞ்சுக் கல்வியறிஞர், ஆசிரியருக்கும் மாணவனுக்கும் இடையே எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று நிலவுகிறது என்று விளக்கினார். ஆசிரியர் கணக்கு கொடுத்தால் அதற்கு விடை உண்டு. கொடுத்த எண்களிலேயே அது உண்டு. இன்று நடத்திய பாடத்திலேயே அதற்கு வழியும் உண்டு. இவற்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆண்டுக்கணக்கில் வகுப்பில் இருந்தே பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். பெருக்கல் பாடத்தின் இறுதியில் வரும் கணக்கு பெருக்கல் கணக்காகத்தானே இருக்கும்? பிறகு படிப்பானேன்?

வேண்டாததை விடுவது ஒரு பாதி என்றால், இல்லாததைக் கொண்டுவருவது மறுபாதி. அமெரிக்காவில் 13 வயது மாணவர்களுக்கு நாடளாவிய தேர்வொன்றில் கொடுத்த கணக்கு இது. படைவீரர்கள் 1128 பேர். ஒரு பேருந்தில் 36 பேர் ஏறலாம். எத்தனை பேருந்துகள் வேண்டும்? 1983இல் வெளியான முடிவுகளின்படி 100க்கு 70 பேர் வகுத்தலைச் சரியாகவே செய்தனர். ஆயினும் 29 பேர் "31 பேருந்து, மீதி 12" என்று எழுதினர். 18 பேர் 31 என்றனர். 32 என்ற சரியான விடையை எழுதியவர் 23 பேரே. மீதி 12 பேரையும் சாலையில் விட்டுச் செல்ல முடியாது என்ற செய்தி கணக்கில் எழுதப்படவில்லை. பேருந்தில் ஏறிப் பழகிய எவருக்கும் அது தெரியும். பென்சில் கையில் ஏறியதும் மறந்துபோகிறது.

நம் பழந்தமிழ்க் கணக்குகள் இவ்விடத்தில் நல்ல பயிற்சி தருகின்றன. காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தில் ஓர் ஓணான் கணக்கு உண்டு. 32 முழ உயரமுள்ள பனைமரத்தில் ஓணான் ஒன்று நாள்தோறும் ஒரு சாண் ஏறி 4 அங்குலம் கீழே இறங்குகிறது. எத்தனை நாளில் உச்சியை அடையும்? இதில் முழம், சாண், அங்குலம் என்று மூன்று அளவைகள் வருகின்றன. 12 அங்குலம் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம் என்ற செய்தியைப் படிப்பவன்தான் கொண்டுவர வேண்டும். அந்நாளில் கையை நீட்டினாலே அளவை தெரிந்தது. இன்றைய மோதி பாக் பிள்ளைக்கு அது தனியே சொல்ல வேண்டிய செய்தி. மரம் 768 அங்குலம். ஒரு நாள் ஏற்றம் நிகரமாக 8 அங்குலம். வகுத்தால் 96 நாள்.

இனித்தான் நுட்பம். உச்சியைத் தொட்டுவிட்ட ஓணான் அன்றைக்கு இறங்கவேண்டியதில்லை. எனவே கடைசி நாளின் 4 அங்குல இறக்கம் கணக்கிற்கு வேண்டாத செய்தி. 95 நாள் முடிவில் ஓணான் 760 அங்குலத்தில் இருக்கும். 96ஆம் நாள் 8 அங்குலம் ஏறியதுமே உச்சி. ஆகையால் இங்கே விடை மாறவில்லை. ஆனால் 30 அடிக் கிணற்றில் பகலில் 3 அடி ஏறி இரவில் 2 அடி சறுக்கும் தவளைக்கு இவ்வாறு வகுத்துப் பார்த்தால் 30 நாள் என்று வரும். உண்மையில் 28ஆம் நாளே அது வெளியே குதித்துவிடும். ஒரே வகைக் கணக்கு இரண்டிலும் ஒரே செய்தி ஒன்றில் விடையை மாற்றுகிறது, மற்றொன்றில் மாற்றவில்லை. போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அதே நூலில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ணவும் வழி சொல்லியிருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். 100 முள் இருந்தால் 120 சுளை. பழத்தின் எடை வேண்டாம், நீளம் வேண்டாம், காம்படி முள் ஒன்றே வேண்டும் என்று பழம் முழுவதிலிருந்தும் ஒரு செய்தியைப் பொறுக்கி எடுத்த துணிவைப் பாருங்கள். பலாப்பழம் இதற்கு ஒப்புகிறதா என்பது வேறு வழக்கு. ஐ.என்.ஏ. சந்தையில் முழுப் பழம் வாங்கிச் சோதிக்க மாணவர் பணப்பை இடம் தருவதில்லை.

வேண்டாத செய்திகள் அனைத்தையும் நீக்கிவிட்டுக் கணக்கைச் சுருக்கமாகக் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்பர். பாஸ்கராச்சாரியார் 1150இல் இயற்றிய லீலாவதியில் ஒரு வண்டுக் கூட்டம் வருகிறது. ஐந்தில் ஒரு பங்கு கடம்ப மலருக்கும், மூன்றில் ஒரு பங்கு சிலீந்திர மலருக்கும், இவ்விரண்டின் வேறுபாட்டைப் போல மும்மடங்கு குடசப்பாலை மலருக்கும் சென்றன; மீந்த ஒரு வண்டு மட்டும் தாழை, மல்லிகை மணங்களால் ஈர்க்கப்பட்டு அங்குமிங்கும் திரிகிறது. மொத்தம் 15 வண்டுகள். மலர்களின் பெயர்கள் கணக்கிற்கு வேண்டா; மல்லிகை மணமும் வேண்டா. ஆயினும் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அக்கணக்கு மறக்கப்படாமல் இருப்பதற்கு அந்த மணமும் ஒரு காரணம் என்பேன். தவிரவும், வாழ்க்கையில் எந்தக் கணக்கும் உமி நீக்கி வருவதில்லை. ஆய்வுக்கூடத்தில் அலைகாட்டியின் திரையைப் பார்த்த மின்னணுவியல் மாணவர் யாவரும் இதற்குச் சாட்சி.

2009ஆம் ஆண்டுக்குரிய 'பிசா' என்னும் பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. பங்கேற்ற 74 நாடுகள், பகுதிகளுள் இவை கடைசிச் சில இடங்களையே பெற்றன. கேள்விகளின் சூழல் நம் பிள்ளைகளுக்கு அயலானது என்று அப்போது அரசுத் தரப்பில் கூறப்பட்டது. அதில் ஓரளவு உண்மை உண்டு. பார்த்திராத பொருளைப் பற்றிய கணக்கில் எது இன்றியமையாதது, எது அலங்காரம் என்று பிரிப்பது எவருக்கும் கடினமே. ஆனால் நம் தேர்வுகளும் அத்திசையில் திரும்பிவிட்டன. மத்திய வாரியத்தின் பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளின் இறுதியில், ஒரு நிகழ்வைப் பத்தியாக விவரித்து அதன்மீது சிறு வினாக்கள் கேட்கும் கணக்குகள் மூன்று, 4 மதிப்பெண் வீதம் வருகின்றன. 80இல் 12 மதிப்பெண். மோதி பாக் பையனை அச்சுறுத்தியது இப்பகுதியே.

அவனுக்கு நான் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதலில் கணக்கின் கடைசி வாக்கியத்தைப் படிக்கச் சொன்னேன். தமிழில் இது எளிது. நம் பாடநூல்களில் "எனில்" என்ற சொல் எல்லைக்கல் போல நிற்கிறது. அதற்கு முன்னால் இருப்பது கொடுத்தது, பின்னால் இருப்பது கேட்டது. ஆங்கிலத்தில் கேள்வி முதலிலும் வரும், நடுவிலும் வரும், தேட வேண்டும். ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945இல் எழுதிய தீர்வுமுறை நூலிலும் முதல் இடம் தெரியாததற்கே. தரவுகள் அதற்குப் பின்னரே வருகின்றன.

அடுத்து, கணக்கை எண்கள் இல்லாமல் தமிழில் கதையாகச் சொல்லச் சொன்னேன். "ரயில் ஒன்று தூரம் போகிறது, அதற்கு நேரம் ஆகிறது, வேகம் கேட்கிறார்கள்" என்றான். பெட்டிகளையும் பயணிகளையும் அவனே விட்டுவிட்டான்! எண் கண்ணில் படாதபோது எது கதைக்கு வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எண்ணைக் கண்டதும்தான் கை பரபரத்திருக்கிறது. தாய்மொழியில் சொல்வதற்கு இன்னொரு பயனும் உண்டு. "ஆளுக்கு மூன்று வீதம்" என்றால் அந்த "வீதம்" பெருக்கலைக் கையோடு அழைத்து வருகிறது. ஆங்கிலத்தில் "ஈச்", "பெர்" என்ற குட்டிச் சொற்கள் வேகமாகப் படிப்பவன் கண்ணில் படாமல் நழுவிவிடுகின்றன.

தனிப்பயிற்சி வகுப்புகள் சிலவற்றில் குறிச்சொல் முறை என்று ஒன்று கற்பிக்கிறார்கள். "அதிகம்" என்று வந்தால் கூட்டு, "குறைவு" என்று வந்தால் கழி. இம்முறையை நான் வெறுக்கிறேன் என்றே சொல்லலாம். ராமுவிடம் 12 பென்சில்கள் உள்ளன, இது சோமுவிடம் உள்ளதைவிட 5 அதிகம், சோமுவிடம் எத்தனை? குறிச்சொல் 17 என்கிறது, விடை 7. லூயிஸ், மேயர் என்ற இருவர் 1987இல் வெளியிட்ட ஆய்வு, கல்லூரி மாணவர்களே இவ்வாறு தலைகீழாக அமைந்த வாக்கியங்களில் கூடுதலாகத் தவறுவதைக் காட்டியது. படிக்காமல் தப்பிக்கக் கற்பிக்கும் வழி, படிக்கவேண்டிய இடத்தில் காலை வாருகிறது.

வேண்டாததைக் கோடிட்டு அடித்துவிடும் முறையையும் சில நாள் பார்த்தோம். பத்திக் கணக்குகளில் அது உதவவில்லை. முதல் வினாவிற்கு அடித்துவிட்ட எண் மூன்றாம் வினாவிற்குத் தேவைப்பட்டது. இப்போது அடிப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு வினாவிற்கும் வேண்டிய எண்களைத் தனியே எடுத்து எழுதுகிறான். மெதுவாகத்தான் போகிறது, நேரம் போதவில்லை என்ற குறை இன்னும் இருக்கிறது. தந்தையார் 'ஸ்டாண்டர்டு' தாளுக்கே பெயர் கொடுத்திருக்கிறார். தேர்வு இனிமேல்தான்.

இக்காலத்தில் இவ்வளவு பாடு எதற்கு, கைப்பேசியிடம் கேட்டால் போயிற்றே என்று நண்பர் சிலர் கேட்டனர். 2024இல் ஆப்பிள் நிறுவனத்து ஆய்வாளர்கள் அன்றைய செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளுக்கு இதே சோதனையை வைத்தனர். ஒருவர் வெள்ளியன்று 44 கிவிப்பழமும், சனியன்று 58உம், ஞாயிறன்று வெள்ளியைப்போல் இருமடங்கும் பறிக்கிறார், ஞாயிறன்று பறித்தவற்றுள் 5 பழங்கள் சற்றே சிறியவை, மொத்தம் எத்தனை? 190 என்பது நமக்குத் தெரிகிறது. சிறியதாயினும் பழம் பழம்தானே? சில மாதிரிகள் அந்த 5ஐக் கழித்து 185 என்றன. இத்தகைய வேண்டாத வாக்கியம் ஒன்றைச் சேர்த்ததில், சிலவற்றின் தேர்ச்சி 65 விழுக்காடு வரை வீழ்ந்தது. மோதி பாக் பையனும் இயந்திரமும் ஒரே பள்ளத்தில் விழுந்ததைக் கண்டு அவன் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. பின்னர் வந்த மாதிரிகள் இக்கணக்கைத் திருத்திக்கொண்டிருக்கலாம். எனினும் நமக்கு நேரும் கணக்கை எந்தச் செய்திகளோடு அவற்றிடம் கொடுப்பது என்பதை நாம்தான் முடிவு செய்யவேண்டும்.

நிற்க. நம் சங்கத்தின் பொங்கல் விழாவை ஒட்டி ஒரு கணக்கு. விழாவிற்கு வடக்கு வளாகத்திலிருந்து 140 பேர் வருகிறார்கள். அவர்களுள் பாதிப் பேர் மெட்ரோவில் வருவர், ஏனையோர் வேனில். ஒரு வேனில் ஓட்டுநரைத் தவிர 12 பேர் அமரலாம்; வாடகை வேன் ஒன்றுக்கு 1800 ரூபாய். ஆளுக்கு 2 வடை வீதம் பரிமாற எண்ணம். விழா 4 மணி நேரம் நடைபெறும் எனில், வேன்களுக்கு ஆகும் செலவு என்ன? விடையோடு, கணக்கில் சொல்லாமல் விடப்பட்ட செய்தி எது என்பதையும் எழுதிச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். வடையைப் பற்றி எழுத வேண்டாம்.